சிறப்புக் குழந்தையை வைத்துக்கொண்டு பகுதி நேர வேலை: எது ஒத்துவரும், எது வராது

சிறப்புத் தேவையுள்ள குழந்தையை வளர்க்கும் அம்மா வேலை தேடும்போது முதலில் கேட்பது, மாதம் எவ்வளவு வரும் என்றுதான். கேட்காமல் இருக்க முடியாது. ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, போக வர ஆட்டோ, மருந்து எல்லாம் ஒரே சம்பளத்தில் அடங்குவதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த பெற்றோர்களில் வேலையை ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களைப் பார்த்தால், வருமானம் போதவில்லை என்று விட்டவர்கள் குறைவு. ராத்திரி பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கும். இல்லாவிட்டால் விடிய விடியத் தூங்காமல் இருந்திருக்கும். பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து "கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போயிடுங்கம்மா" என்று போன் வந்திருக்கும். அன்றைக்கு அந்த வேலை காத்திருக்கவில்லை. இப்படி இரண்டு மூன்று முறை நடந்ததும் வேலை கையை விட்டுப் போய்விட்டது.

என் மகனுக்கு ஆட்டிசம். சென்னையில் இருக்கிறோம், நான் வீட்டிலிருந்து கணக்கு வேலை பார்க்கிறேன். யார் எந்த வேலையைப் பற்றி விசாரித்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: "இன்னைக்கு முடியாதுன்னு சொன்னா என்ன ஆகும்?" ஒன்பது மணிக்கு ஆஜராக வேண்டிய வேலை என்றால் அன்றைய நாள் போனது போனதுதான். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை என்றால், வியாழன் ராத்திரி உட்கார்ந்து சரிக்கட்டிவிடலாம். வீட்டிலிருந்து செய்வதா, வெளியே போவதா என்பதைவிட இந்த வித்தியாசம்தான் பெரியது. பாதியில் எழுந்து ஓடினால் செய்தது கெடுமா என்பதையும் பார்க்க வேண்டும். தைக்கிற துணி அப்படியே கிடக்கும். அடுப்பில் இருப்பது கிடக்காது.

பிள்ளையின் நிலைமையும் இதில் சேரும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு ஊட்டுவதும், பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதும் நேரம் பிடிக்கிற காரியங்கள். ஆனால் அந்த நேரங்கள் நமக்கு ஓரளவு தெரிந்தவை, நடுவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். கதவு திறந்திருந்தால் தெருவுக்கு ஓடிவிடுகிற பிள்ளை என்றால், வீட்டில் இன்னொரு பெரிய ஆள் இல்லாமல் கண்ணை வேறு எதிலும் வைக்க முடியாது. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சரிப்பட்ட வேலை உங்களுக்குச் சரிப்படாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். உங்கள் திறமைக் குறைவு என்று நினைத்து மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

இருக்கிற வேலையை விடும் முன்

டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன மாதமே ராஜினாமா கடிதம் கொடுத்துவிடுகிற அம்மாக்கள் நிறைய. அந்த நேரத்து மனநிலையில் வேறு எதுவும் தோன்றாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் கையில் வேலை இருந்தால், அதில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முக்கியமாக மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுக்கும் குரூப் இன்சூரன்ஸில் பிள்ளை இருந்தால், வேலையை விட்ட அன்றே அது போய்விடும். இஎஸ்ஐ (சம்பளத்தில் பிடிக்கும் தொழிலாளர் அரசு காப்பீடு) இருந்தால், உடல் அல்லது மனக் குறைபாட்டால் முழுக்க உங்கள் வருமானத்தையே நம்பியிருக்கும் பிள்ளைக்கு, அந்தக் குறைபாடு இருக்கும்வரை வயது பார்க்காமல் சிகிச்சை உண்டு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. தெரபி செலவுக்கும் அதில் இடமுண்டு. நல்ல திட்டம், எல்லோரும் எடுக்க வேண்டியது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அது மட்டும் தாங்காது.

மத்திய அரசு ஊழியர் என்றால் ராஜினாமா பேச்சே வேண்டாம். பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். மாற்றுத்திறன் பிள்ளை என்றால் வயது வரம்பும் இல்லை. பிள்ளையைப் பராமரிப்பவருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கு கேட்க 2014-ல் வந்த உத்தரவும் இருக்கிறது. இந்த இடமாற்ற விலக்கை அப்பாக்களும் கேட்கலாம். இமாச்சலப் பிரதேசத்தில் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் ஒருவர், மரபணுக் கோளாறு உள்ள தன் மகனைப் பார்த்துக்கொள்ள விடுப்பு கேட்டு மறுக்கப்பட்டபோது, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பெண்கள் வேலையில் நீடிப்பது சலுகையல்ல, அரசியல் சாசனம் சார்ந்த விஷயம் என்று சொல்லி, விடுப்புக் கொள்கையை மறுபடி பரிசீலிக்க மாநில அரசுக்கு உத்தரவிட்டது. மாநில அரசு ஊழியர்கள் மனு எழுதும்போது இதைக் குறிப்பிடலாம்.

தனியாரில் இப்படிக் கட்டாயம் எதுவும் கிடையாது. அங்கே எப்படிக் கேட்கிறோம் என்பதுதான் காரியம். "கொஞ்சம் நேரம் விட்டுக்கொடுங்க சார்" என்று கேட்டால் எந்த மேனேஜரும் தயங்குவார், எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. "செவ்வாயும் வியாழனும் மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவேன். அந்த நேரத்தை மற்ற நாள் காலையில் ஈடுகட்டுகிறேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் யோசிப்பார். கேட்க வேண்டியது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அப்பாவின் ஆபீஸ் இளகிய இடம் என்றால் அவர் கேட்கட்டும்.

தையல், ஃபால்ஸ், ஆரி

தெரபி சென்டர் வராந்தாவில் எங்களோடு உட்காரும் ஓர் அக்கா எப்போதும் ஒரு கட்டைப்பை கொண்டு வருவார். உள்ளே பிள்ளைக்கு 45 நிமிட செஷன். வெளியே இவர் மடியில் புடவையைப் போட்டு, ஃபால்ஸ் துணியைக் கரையோடு சேர்த்துப் பிடித்துக் கையால் தைத்துக்கொண்டே வருவார். பெயர் கூப்பிட்டதும் ஊசியை ஃபால்ஸிலேயே குத்தி, மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். மறுபடி எங்கே உட்காருகிறாரோ அங்கேயே தொடரலாம். முதலீடு ஊசி நூல்தான். பாதியில் நிறுத்துவதற்கு இதைவிடத் தோதான வேலையை நான் பார்த்ததில்லை. கூலிதான் குறைவு, ஒரு புடவைக்குக் கிடைப்பது ஒரு ஆட்டோ சவாரிக்குக்கூடச் சில சமயம் காணாது. அதனால் இதைத் தொடக்கமாகத்தான் சொல்வேன். ஃபால்ஸ் கொடுக்க வருகிறவர்களே நாளைக்கு பிளவுஸ் கொடுக்க வருவார்கள்.

பிளவுஸ் தைப்பதில், லைனிங் பிளவுஸ் பழகிவிட்டால் வருமானம் கணிசமாக ஏறும். தமிழ்நாடு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் தாய்மார்களுக்கு மோட்டார் பொருத்திய தையல் மெஷினை இலவசமாகக் கொடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்தான் என்று நினைத்து அம்மாக்கள் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. தையல் கற்ற சான்றிதழ் கேட்பார்கள் என்பதால் முதலில் பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளையின் அடையாள அட்டை, யுடிஐடி கார்டு (மத்திய அரசு கொடுக்கும் மாற்றுத்திறனாளி அட்டை), ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் அதே நடையில் அதையும் கேட்டு வந்துவிடலாம்.

ஆரி வொர்க், அதாவது கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி, இன்னும் நல்ல கூலி தரும். கல்யாண பிளவுஸ் என்றால் சொல்லவே வேண்டாம். ஃப்ரேமில் துணியை இழுத்துக் கட்டிவிட்டால், எழுந்து போய் நாலு மணி நேரம் கழித்து வந்தாலும் விட்ட பூவிலிருந்து தொடரலாம். ஆனால் ஜர்தோசி, கல், மணி எல்லாம் தரையில் சிதறும். கையில் கிடைத்ததை வாயில் போடுகிற பிள்ளை இருக்கிற வீட்டில், பூட்டுகிற அறை ஒன்று இல்லாமல் ஆரி ஃப்ரேம் போடவே கூடாது. கத்தரிக்கோல், குண்டூசி, அயர்ன் பாக்ஸ் மூன்றும் இதே கணக்குதான். ஒற்றை அறை வீடு என்றால் ஃபால்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தையலில் யாரும் எடுத்துச் சொல்லாத சிக்கல் ஒன்று இருக்கிறது, சீசன். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் தையல்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சத்தம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு வருஷத்திலேயே கஷ்டமான காலமும் அதுதான். ஒரு வாரம் முன்பே தெருவில் வெடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும், தூக்கம் கெடும். அம்மாவோ பக்கத்தில் உட்கார முடியாமல் மெஷினில் இருப்பார். இதற்கு ஒரே வழி, தீபாவளி ஆர்டரைப் புரட்டாசி பாதியிலேயே நிறுத்திவிடுவது. வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொன்னால் முணுமுணுப்பார்கள், ஆனால் புரிந்துகொள்வார்கள். சொன்ன தேதியில் கொடுக்காமல் இழுத்தால்தான் அடுத்த முறை வர மாட்டார்கள்.

சமையல்

இட்லி மாவும் மதியச் சாப்பாடும் தினமும் குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டியவை. காலை ஆறு மணிக்கு மாவு வாங்க வருகிறவரிடம், ராத்திரி பிள்ளை தூங்கவில்லை என்று சொல்ல முடியாது. மாமியாரோ அம்மாவோ கூட நின்று செய்கிற வீட்டுக்கு மட்டும்தான் இது சரி.

பொடி வகை வேறு. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சத்துமாவு எல்லாம் பிள்ளை ஸ்கூலுக்குப் போன ஒரு காலை நேரத்தில் வறுத்து அரைத்துப் பேக் செய்து வைத்துவிடலாம். வாரம் ஒரு நாள் கூரியர். நாள் தள்ளிப்போனாலும் சரக்கு கெடாது. சிறிய அளவில் விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சத்துமாவு, சிறுதானிய மாவு விற்கிற சில பெற்றோர்களே, இதைச் சாப்பிட்டால் ஆட்டிசம் குறையும் என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அதை நம்பி வாங்குகிறவரும் நம்மைப் போல் இன்னொரு பெற்றோர்தான்.

ட்யூஷன்

மணிக்கணக்கில் பார்த்தால் வீட்டு வேலைகளிலேயே நல்ல வருமானம் ட்யூஷனில்தான். ஆனால் முழுக்க முழுக்க மணி பார்த்து நடக்கிற வேலை. அதுவும் மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை. தெரபியிலிருந்து களைத்து வந்த பிள்ளைக்கு அம்மா தேவைப்படுகிற நேரமும் அதேதான். ஆன்லைன் வகுப்பில் நடுவே பிள்ளை கத்தினால் மைக்கை அணைக்கலாம், எழுந்து போகாமல் இருக்க முடியுமா? அந்த இரண்டரை மணி நேரம் தினமும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் உறுதியாக ஓர் ஆள் இருந்தால் ட்யூஷனை யோசியுங்கள். "முடிஞ்சா பார்த்துக்கறேன்" என்கிற ஆள் போதாது.

ஹிந்தி தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் இளகிய வழி இருக்கிறது. தட்சிண பாரத ஹிந்தி பிரச்சார சபாவின் பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா தேர்வுகள் வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கின்றன. பாடம் ஆறு மாதத்துக்குப் பரந்து கிடப்பதால், வாரம் இரண்டு நாள், சனி ஞாயிறு காலையில் வகுப்பை வைத்துக்கொள்ளலாம். அப்பா வீட்டில் இருக்கிற நேரம். ஒரு வாரம் தவறினாலும் அடுத்த வாரம் ஈடுகட்டலாம். ஸ்கூல் பாடம் எடுத்தால் மறுநாளே டெஸ்ட் இருக்கும், அங்கே இந்தச் சலுகை கிடையாது.

கம்ப்யூட்டர் வேலை

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம், இரண்டு விதத்தில். முதலாவது, வீட்டிலிருந்து வேலை என்றாலே நம் வசதிப்படி வேலை என்று நினைத்துவிடுகிறோம். சென்னையில் மெடிக்கல் கோடிங் (நோய், சிகிச்சை விவரங்களைக் காப்பீட்டுக்கான குறியீடாக மாற்றுவது) படித்தவர்கள் நிறைய. அனுபவம் வந்த பிறகு வீட்டிலிருந்தே செய்ய விடுகிறார்கள். ஆனால் ஷிப்ட் உண்டு, தினசரி டார்கெட் உண்டு, தவறு எத்தனை சதவீதம் என்ற கணக்கும் உண்டு. பகுதி நேரமாகக் கொடுக்கிற இடம் அரிது. சம்பளம் நன்றாக இருக்கும் என்பது உண்மை. பிள்ளை முழு நாள் பள்ளியில் நிலைத்துவிட்டது, வீட்டில் ஆள் இருக்கிறது என்றால் போகலாம். கஸ்டமர் சப்போர்ட் வேலையில் பின்னால் சத்தமே கேட்கக் கூடாது என்பார்கள். நம் வீடுகளுக்கு அது சரிப்படாது.

பி.காம். படித்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது கணக்கு வேலைதான். நான் செய்வது என்பதற்காகச் சொல்லவில்லை. டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் என்ட்ரி போடுவதும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் தேதியை நம்பி நடக்கிற வேலைகள். மாதாமாதம் தாக்கல் செய்கிற வியாபாரிக்கு விற்பனை விவரம் 11-ம் தேதிக்குள், வரி கட்டுகிற 3பி ரிட்டர்ன் 20-ம் தேதிக்குள் போக வேண்டும். இந்தத் தேதிகள் வருஷம் முழுக்க முன்கூட்டியே தெரியும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை 21-க்கு மேல் வாங்கிக்கொள்ளலாம். பில்லை போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள்; ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளை தூங்கிய பிறகு என்ட்ரி போடலாம். கடைசி நாள் தவறினால் அந்த வியாபாரிக்கு அபராதம் விழும் என்பதுதான் இதிலுள்ள பயம். அதனால் தனியாக வாடிக்கையாளர் பிடிப்பதைவிட, ஒரு ஆடிட்டர் ஆபீஸின் கீழே சேர்வது நல்லது. பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரத்தில் அந்த ஆபீஸில் இன்னொருவர் தாக்கல் செய்துவிடுவார். இரண்டு கடைக் கணக்கோடு ஆரம்பியுங்கள், பத்தைத் தேடிப் போகாதீர்கள்.

மொழிபெயர்ப்பு, ஆடியோவை எழுத்தாக்குவது போன்ற வேலைகள் ஃபைல் கணக்கில் வரும், நேரம் நம் கையில் இருக்கும். கம்ப்யூட்டரே மொழிபெயர்க்கவும் எழுதவும் ஆரம்பித்த பிறகு அதைத் திருத்துகிற வேலையாகவே பெரும்பாலும் வருகிறது, ரேட்டும் இறங்கிவிட்டது. பக்கத்தில் வேறொரு வருமானம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஏமாற்றம் நேரடியான மோசடி. "வீட்டிலிருந்தே டைப்பிங், டேட்டா என்ட்ரி, பதிவுக் கட்டணம் மட்டும்" என்று வருபவை. பணம் கட்டியதும் படிக்கவே முடியாத பக்கங்களை அனுப்புவார்கள். முடித்துக் கொடுத்தால் தவறு அதிகம், அக்ரிமென்ட் மீறிவிட்டீர்கள் என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒரு தாளை அனுப்பி மேலும் பணம் கேட்பார்கள். டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடச் சொல்லி முதலில் நூறு இருநூறு கொடுத்துவிட்டு, பிறகு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வது இன்னொரு வகை. வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை. கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதமானால் பணத்தை முடக்கி வைக்க முடியாமல் போகும்.

சிறப்புப் பள்ளியிலேயே வேலை

பிள்ளை படிக்கும் இடத்திலேயே உதவியாளராகச் சேரும் அம்மாக்கள் உண்டு. சம்பளம் குறைவுதான். ஆனால் பள்ளி லீவும் உங்கள் லீவும் ஒன்றாகவே வரும். பிள்ளைக்கு முடியாத நாளில் உங்களுக்கும் லீவு ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மாற்றுத்திறன் பிள்ளைக்கும் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் மிச்சம். சேரும் முன் ஒன்றைப் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: உங்கள் பிள்ளையின் வகுப்பில் உங்களைப் போடக் கூடாது. அம்மா கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் பல பிள்ளைகள் டீச்சர் சொல்வதைச் செய்யாது, உங்களுக்கும் அன்றைக்கு வேலை ஓடாது.

இதையே தொழிலாக எடுக்க நினைப்பவர்கள் சிறப்புக் கல்வியில் இரண்டு வருட டிப்ளமோ படிக்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சிறப்புக் கல்விப் படிப்புகளை அங்கே விசாரிக்கலாம். படிப்பை முடித்து இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தால்தான் ஸ்பெஷல் எஜுகேட்டர் என்று வேலை பார்க்கலாம். நேரில் போய்ப் படிக்க வேண்டிய படிப்பு, பயிற்சி நேரமும் உண்டு. அந்த இரண்டு வருடம் குடும்பம் தாங்க வேண்டும். பிள்ளை சின்ன வயதில் இருந்து, தெரபி உச்சத்தில் இருக்கிற நேரத்தில் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகி ஒரு ஒழுங்கு வந்த பிறகு படித்தவர்கள் நன்றாக நிலைத்திருக்கிறார்கள். பள்ளியில் பிள்ளையோடு கூடவே இருக்கும் ஷேடோ டீச்சர் வேலைக்கும் இவர்களுக்கு நல்ல தேவை இருக்கிறது. ஆனால் அது இன்னொரு பிள்ளையின் பள்ளி நேரத்துக்குக் கட்டுப்பட்டது. நீங்கள் வராத நாளில் அந்தப் பிள்ளையால் வகுப்பில் உட்கார முடியாது. நம் கஷ்டம் போலவே இன்னொரு வீட்டின் கஷ்டம் அது என்பதால், வீட்டில் மாற்று ஆள் இல்லாதவர்கள் ஒத்துக்கொள்ளாமல் இருப்பதே நியாயம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆரம்பிக்கிற மாதத்தையும் யோசியுங்கள். மே மாதத்தில் பள்ளி இருக்காது, சில சென்டர்களிலும் லீவு. பிள்ளை நாள் முழுக்க வீட்டில் இருக்கும். ஜூனில் பள்ளி திறந்ததும் புது டீச்சர், புது நேரம் என்று இரண்டு மூன்று வாரம் தடுமாறும். அது அடங்கி ஜூலை வந்ததும், ஒரே ஒரு வாடிக்கையாளர், அல்லது ஒரே ஒரு கடைக் கணக்கோடு தொடங்குங்கள். காலாண்டு லீவுக்குள் உங்கள் கைக்கு எவ்வளவு வேலை தாங்கும் என்று தெரிந்துவிடும். தீபாவளி ஆர்டருக்கு யாராவது வந்து கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாம், எடுப்பதா வேண்டாமா என்று.